கள்ளிக்கு மட்டும் கிடைக்காத இலை

அந்தக் காலத்தில் இலை என்பது முளைக்கிற சமாசாரம் இல்லை, தைக்கிற சமாசாரம். மரம், செடி, கொடி எல்லாம் பேசும், சிரிக்கும், பக்கத்தில் நிற்பதைப் பற்றிப் புறம்கூடப் பேசும். ஆனால் அத்தனையும் மொட்டையாகவே நின்றன. உலகத்துக்கு அதுதான் முதல் இளவேனில். யாருக்கு எந்த இலை பொருந்தும் என்று பார்த்துத் தைத்துக் கொடுக்கிற வேலை சித்திரைக்கனி என்கிற பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒரு முறை தைத்தால் போதும். அப்புறம் உதிர்ந்தாலும் அதே இலை, அதே பூ, தானாகத் திரும்பி வந்துவிடும்.

சித்திரைக்கனியிடம் ஒரு கூண்டு வண்டி இருந்தது. அதை இழுக்க செவலை, மயிலை என்று இரண்டு காளைகள். வண்டிக்குள் கூரை முட்ட இலை மூட்டைகளும் பூ மூட்டைகளும். இடுப்பில் ஊசிப் பை. கத்திரி வெயில் பிறப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதுதான் கெடு. அந்த வெயிலை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் இலை இல்லாமல் நிற்கிறவர்களை நின்ற இடத்திலேயே சருகாக்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சித்திரைக்கனிக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். பொறுமையை மட்டும் படைத்தவர் குழம்பில் உப்புப் போட மறந்த மாதிரி மறந்துவிட்டார்.

வந்த வழியில் அவள் பட்ட பாட்டுக்கு யாராக இருந்தாலும் வாய் நீளத்தான் செய்யும். வாழை, ஆள் உயரத்துக்கு ஒரே துண்டாக, ஒட்டுப் போடாமல் இலை வேண்டும் என்று நின்றது.

"காத்தடிச்சா கிழியும். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக்கூடாது" என்றாள் சித்திரைக்கனி.

"கிழியாது" என்றது வாழை. அவள் வண்டி தெரு திரும்புவதற்குள் கிழிந்தது.

புளிய மரம் பொடிப்பொடியாகக் கேட்டது. பொடிப்பொடியாக என்றால் பரவாயில்லை, உடம்பு முழுக்க ஓர் இடம் விடாமல் வேண்டுமாம். தைத்துத் தைத்து அவள் விரல் நுனி வீங்கிவிட்டது. முருங்கை இருக்கிறதே, அது புடவைக் கடையில் அலமாரியைக் காலி செய்து பார்த்துவிட்டு, "இதே டிசைன் கொஞ்சம் இளம் பச்சையில இருக்கா?" என்று கேட்கிற ரகம். அத்தனை மூட்டையையும் அவிழ்க்க வைத்தது. கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டது. வேம்பு ஒன்றுதான், "கசந்தாலும் சரி, இருக்கிறதைத் தச்சிட்டுக் கெளம்பு" என்று காலை நீட்டியது. அதற்காகவே அதன் மேல் அவளுக்கு ஒரு பிரியம் உண்டானது.

எல்லாம் முடிந்து கடைசியாக மிச்சம் இருந்தது தேரிக்காடு.

"அங்க என்னத்தை இருக்கு? வெறும் மணலு. பாத்தாலே வயித்தைப் பெரட்டும்" என்று எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் நம்பிக்கொண்டுதான் வந்தாள். ஓர் ஓடையைத் தாண்டி வண்டி மேடேறியது. அவள் கயிற்றை இழுத்துப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

யாரோ மிளகாய் வற்றலை அரைத்து மலை மலையாகக் கொட்டிக் காயப் போட்டிருக்கிற மாதிரி, கண்ணுக்கு எட்டின மட்டும் செக்கச் செவேலென்று மணல். அதன் மேல் காற்று உட்கார்ந்துகொண்டு, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல மடிப்பு மடிப்பாக வைத்துக்கொண்டிருந்தது. வைத்தது பிடிக்காமல் கலைத்துவிட்டு மறுபடி வைத்தது. மேலே ஒரு பொட்டு மேகமில்லாத நீலம். எங்கேயோ ஒரு கவுதாரி, வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்துவிட்ட மாதிரி கத்திக்கொண்டே ஓடியது.

"இதையா ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க? கண்ணில்லாத ஜென்மங்க!" என்றாள் சித்திரைக்கனி.

மேட்டிலிருந்து வண்டி இறங்க ஆரம்பித்தது. இறங்கியது என்ன, சறுக்கியது. காளைகள் ஓடுகின்றனவா, மணல் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. அவள் கொண்டை அவிழ்ந்தது. வாய் நிறையச் செம்மணல். கீழே வந்து நின்றதும் அதைத் துப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மயிலை, மறுபடி அந்த மேட்டுல ஏறு!"

"எதுக்கும்மா?"

"எறங்கத்தான்!"

"வேலை கெடக்கு" என்றது செவலை. வீட்டுக்கு ஒரு மூத்த நாத்தனார் இருப்பாள் அல்லவா, செவலை அந்த மாதிரி.

"கெடக்கட்டும் சவம். ஏறுங்க ரெண்டு பேரும்."

சிரித்த முகமும் கலைந்த தலையுமாக அவள் தேரிக்குள் போனபோது, பாதையோரத்தில் முதலில் நின்றது கள்ளி. பச்சைப் பசேலென்று, உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து அடுக்கின மாதிரி உடம்பு. ஒரு முள் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையாட்டம் வழவழவென்று இருந்தது.

"வாங்கக்கா, வாங்க" என்றது கள்ளி. "எம்புட்டுத் தூரம் வந்திருக்கிய! மொகமெல்லாம் செவந்து போச்சே. செத்த நேரம் உக்காந்து ஆறுங்க."

இத்தனை மாதத்தில் இவளைப் பார்த்து உட்கார் என்று சொன்னவர்கள் யாருமில்லை. சித்திரைக்கனிக்கு மனசு குளிர்ந்தது. ஆனாலும் கை ஊசியைத் தேடியது.

"ஆற நேரமில்லை தாயி. ஒனக்கு என்ன மாதிரி இலை வேணும்? சொல்லு."

"இருக்கட்டும்க்கா. எனக்கென்ன அவசரம்? மொதல்ல மத்தவங்களைப் பாருங்க."

"கையோட தச்சிட்டுப் போயிடுதேன். அகலமா, பளபளன்னு ஒரு தினுசு வச்சிருக்கேன். ஒனக்கு எடுப்பா இருக்கும்."

"ஐயோ, அம்புட்டு நல்லது எனக்கு எதுக்கு? வேண்டாம்க்கா" என்று கள்ளி வெட்கப்பட்டுச் சிரித்தது.

"சரி, ஒன் இஷ்டம்" என்று சித்திரைக்கனி கயிற்றைச் சுண்டினாள்.

கள்ளியின் முகம் ஒரு நொடி, கையில் இருந்த தட்டு நழுவினவள் முகம் மாதிரி ஆனது. வண்டி நகர்ந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் மயிலை மெல்ல ஆரம்பித்தது. "அம்மா, அது வளந்த வீட்டுல அப்பிடித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஒருக்கா கேட்டா இருக்கட்டும்கணும். மறுக்கா கேட்டா எனக்கெதுக்குன்னு சொல்லணும். கேக்குறவங்க கோவிச்சுக்கிட்டு, 'அட, சும்மா வாங்கு புள்ள'ன்னு கையில திணிக்கணும். அப்பத்தான் வாங்கும்."

"ஏன், வேணும்னா வேணும்னு சொல்ல வாயில்லையா அதுக்கு? நான் இலை தைக்க வந்தேனா, கெஞ்ச வந்தேனா?"

"நான் சொல்லிட்டேன்" என்றது மயிலை.

"திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றாள் அவள். நிஜமாகவே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

தேரிக்குள் வேலை நன்றாக ஓடியது. உடைமரமும் வாயால் இருக்கட்டும் என்றுதான் சொன்னது, ஆனால் சொல்லும்போதே கையை நீட்டிவிட்டது. அதற்குப் பொடி இலையாகக் குடை மாதிரி விரித்துத் தைத்தாள். பனை குனியவே மாட்டேன் என்றது. "கீழ வச்சா ஆடு மேயும். உச்சியில மட்டும் விசிறி விசிறியா வையி" என்று மேலிருந்தே உத்தரவு போட்டது. பனைக்கு ஏறி இறங்கினதில் அவள் முழங்கால் தேய்ந்து போனது. வசவாய்த் திட்டிக்கொண்டே ஏறி, மேலே போனதும் திட்டுவதை மறந்து, அங்கிருந்து தெரிந்த கடலையும் சிவப்பு மேடுகளையும் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். செவலை கீழிருந்து கத்தினபிறகுதான் இறங்கினாள். எருக்கு, மூட்டைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த தடித்த இலைகளை, இதுவே போதும் என்று வாங்கிக்கொண்டது. இப்படி ஒவ்வொருவருக்கும் தைத்ததில், இருப்பதெல்லாம் தீர்ந்தது. வண்டி காலி.

மறுநாள் கத்திரி பிறப்பு. வேலை முடிந்த சந்தோஷத்தில் அவள் காலை வெயிலிலேயே திரும்பினாள். நல்ல நாள் என்று மஞ்சள் பட்டுச் சேலை எடுத்துக் கட்டியிருந்தாள். காலி வண்டி துள்ளித் துள்ளிப் போனது. இருபுறமும் தான் தைத்த இலைகள் காற்றில் ஆடுவதைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. "அந்த உடைமரத்தைப் பாரு மயிலை, எம்புட்டு அம்சமா இருக்கு! கை யாரு கை!" என்று தன்னையே மெச்சிக்கொண்டு வந்தவள், பாதையோரத்தில் கள்ளியைப் பார்த்ததும் வாயை மூடினாள்.

கள்ளி அதே இடத்தில், அதே மொட்டை உடம்போடு நின்றது. விளிம்பெல்லாம் சுருங்கி வதங்க ஆரம்பித்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தது.

"வாங்கக்கா. வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

சித்திரைக்கனி வண்டியிலிருந்து குதித்தாள். உள்ளே போய் ஒவ்வொரு மூட்டையாக எடுத்து உதறினாள். இரண்டு காம்பும் கொஞ்சம் தூசியும் விழுந்தன. ஓர் இலை இல்லை.

"ஏ புள்ள, நாளைக்குக் கத்திரி. தெரியுமா, தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வேண்டாம்னு சொன்னே?"

கள்ளி தலையைத் தாழ்த்தியது. "இன்னொரு தடவை கேப்பியன்னு நெனச்சேன்."

"கோட்டிக்காரி!" சித்திரைக்கனி போட்ட சத்தத்தில் மேட்டு மேல் நின்ற வெள்ளாடுகள் திரும்பிப் பார்த்தன. "உசுரு போற காரியத்துலயா மரியாதை? எனக்குத்தான் பொறுமை கெடையாதுன்னு ஊருக்கே தெரியுமே, பின்னாலயே கத்தியிருக்கலாம்ல? 'அக்கா, எனக்கும் ஒண்ணு'ன்னு கத்தினா வாய் சுளுக்கிக்குமா?"

"மத்தவங்க முன்னாடி எப்பிடிக்கா..."

"எப்பிடிக்கா! எப்பிடிக்கா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினது தெரியக்கூடாது என்று இன்னும் கத்தினாள். "அந்தப் பனைகிட்டப் போயி நாலு ஓலையைப் பிச்சுட்டு வாரேன், இரு."

"வேண்டாம்க்கா."

போகத் திரும்பினவள் நின்றாள். "இந்தா பாரு, இது நெசமான வேண்டாமா, மரியாதை வேண்டாமா?"

"நெசமாத்தான். அதுக்குத் தச்சதைப் பிடுங்கி நான் உடுத்த மாட்டேன்."

சித்திரைக்கனி மணலில் அப்படியே உட்கார்ந்தாள். கேட்டது இரண்டு தடவை. இன்னும் ஒரு தடவை கேட்டிருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மேட்டில் சறுக்கி விளையாட நேரம் இருந்தது. பனை உச்சியில் உட்கார்ந்து கடல் பார்க்க நேரம் இருந்தது. இந்த ஒரு வார்த்தைக்கு நேரமில்லாமல் போயிற்று. தப்பு கள்ளி மேல் எவ்வளவு, தன் மேல் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற குணம் அவளுக்குக் கிடையாது. எழுந்தாள். வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த தண்ணீர்க் குடங்களை அவிழ்த்தாள்.

"அம்மா, அது நம்ம மூணு பேருக்கும் ஊரு போற வரைக்கும் உள்ள தண்ணி" என்றது செவலை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேக்கலை. இனிமே யாரையும் கேக்கறதா இல்லை. ஏ புள்ள, வாயைத் தெற."

"வேண்டாம்க்கா, ஒங்களுக்கு..."

"தெறடி மூதி!"

கள்ளி வாயைத் திறந்தது. அவள் குடத்தைச் சாய்த்தாள். ஒரு குடம், அப்புறம் இன்னொன்று. கள்ளி குடித்த குடியைப் பார்த்தால்தான் அதன் தாகம் தெரிந்தது. சுருங்கின விளிம்புகள் நிமிர்ந்தன. தட்டையாக இருந்த ஒவ்வொரு கையும் உப்பிப் பருத்தது. தோல் தடித்து, மெழுகு பூசின மாதிரி ஆனது. மயிலை தன் வாயை நக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றது.

"இலை இல்லாட்டிப் போகுது. குடிச்ச தண்ணியை உள்ளேயே பூட்டி வையி. ஒரு சொட்டு வெளிய விடாதே" என்றாள் சித்திரைக்கனி.

அதற்குள் மேட்டிலிருந்த வெள்ளாடுகள் இறங்கி வந்துவிட்டன. அதில் தாடி வைத்த கிடா ஒன்று, பந்தி பரிமாறுவதற்கு முன்னாலேயே இலைக்கு எதிரில் உட்காருகிற மாமாவைப்போல, கள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"யக்கா, இது உள்ள பூராவும் தண்ணியா?"

"ஆமா. ஒனக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. ஒரு கடி கடிச்சுக்கிடட்டுமான்னு கள்ளியைக் கேக்கலாம்னு வந்தேன்."

கள்ளி வழக்கம்போல, "அதுக்கென்ன..." என்று ஆரம்பித்துவிட்டது.

சித்திரைக்கனிக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. விட்டால் கத்திரி வருவதற்கு முன்னாலேயே இந்த மரியாதைக்காரியை ஆடு மேய்ந்துவிடும். இடுப்பிலிருந்த ஊசிப் பையை அவிழ்த்தாள். தையல் வேலைதான் முடிந்துவிட்டதே, ஊசி இனி எதற்கு? குத்தாகக் குத்தாக அள்ளி, கூர் வெளியே தெரிய, கள்ளியின் உடம்பெங்கும் நட ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

"இல்லைக்கா."

இன்னொரு குத்து நட்டாள். "வலிக்குதா?"

"பரவா... பரவாயில்லைக்கா."

அவள் கையை நிறுத்திவிட்டு, கள்ளியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "நான் மூணாவது தடவையா கேக்கேன். வலிக்குதா?"

கள்ளி அவளைப் பார்த்தது. கிடாவைப் பார்த்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"வலிக்குது" என்றது. சொன்னபிறகு அந்த வார்த்தை தனக்கே பிடித்துப்போன மாதிரி மறுபடியும் சொன்னது. "ரொம்ப வலிக்குது. கையை மெதுவா வச்சா என்னவாம்? மெத்தை தைக்குதோம்னு நெனப்பா?"

சித்திரைக்கனி வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பிடிப் பேசு! அப்பிடிப் பேசுடி என் ராசாத்தி!"

அதற்குமேல் மெதுவாகவே நட்டாள். கிடா இன்னும் போகவில்லை. ஒரு கடிதானே என்று வாயை வைத்தது. வைத்த வேகத்திலேயே எடுத்து, உதட்டைச் சுழித்துக்கொண்டு நாலு எட்டு பின்னால் போனது.

"யக்கா, இது என்ன, கேட்டுக்கிட்டு இருக்கும்போதே குத்துது!"

"நான் சரின்னு சொல்லலையே" என்றது கள்ளி.

பையில் கடைசி ஊசி ஒன்று மிச்சம் இருந்தது. சித்திரைக்கனி அதைக் கையில் வைத்துக்கொண்டு கள்ளியைப் பார்த்தாள். பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஊரிலிருக்கிற அத்தனை பேரும் உடுத்திப் பூச்சூடி நிற்கையில், இது மட்டும் ஊசி குத்தின பொம்மையாட்டம் நிற்கிறதே என்று அவள் மனசு கேட்கவில்லை.

"வேற என்ன வேணும்? ஒரே தடவைதான் கேப்பேன்."

அவள் கேட்டு முடிப்பதற்குள், "பூ" என்றது கள்ளி. "பெருசா. மஞ்சள்ல. உள்ளுக்குள்ள ஒளிச்சு வைக்காம, ஓரமெல்லாம், பாதையில போறவங்க கண்ணுல படுற மாதிரி. ஒண்ணு ரெண்டு போதாது."

"அடேயப்பா!" என்றது மயிலை.

பூ மூட்டையும் காலி என்பது சித்திரைக்கனிக்குத் தெரியும். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எந்தப் பெண்ணுக்கும் கை வந்திருக்காது. கட்டியிருந்த மஞ்சள் பட்டின் முந்தானையை எடுத்து, சரக்கென்று கிழித்தாள். செவலை கண்ணை இறுக மூடிக்கொண்டது. கிழித்ததை இதழ் இதழாக நறுக்கி, அடுக்கி, கள்ளியின் விளிம்பு நெடுகத் தைத்தாள். அதுவரை ஊரெல்லாம் தைத்ததில் அவள் அவசரப்படாமல் தைத்தது அந்தப் பூக்கள் மட்டும்தான்.

மறுநாள் கத்திரி வந்தது. அதைப் பற்றி விவரமாகச் சொல்ல என்ன இருக்கிறது? மணல் கொதித்தது. வாழை இலை ஓரம் கருகியது. முருங்கை பாதி இலையை உதிர்த்துவிட்டு ஒப்பாரி வைத்தது. ஊருக்குப் போகவேண்டிய சித்திரைக்கனி போகவில்லை. தேரிக்கு வெளியே ஓடைக் கரையில், வேம்பு நிழலில் வண்டியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கானல் ஓடுகிற தேரியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை. காளைகள் இரண்டும் அதைக் கண்டுதான் பயந்துபோயின.

வெயில் தணிந்து முதல் கோடை மழை தூறின அன்றைக்கு வண்டியைக் கட்டினாள். "மெதுவாப் போகவா?" என்று மயிலை கேட்டது. "பறந்து போ" என்றாள்.

மேட்டிலிருந்து சறுக்கி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. நனைந்த செம்மணலுக்கு நடுவில் மஞ்சள் மஞ்சளாக, விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. கள்ளி முன்னைவிடப் பருத்து, பக்கத்தில் இரண்டு புதுக் கைகளை வேறு தூக்கிக்கொண்டு நின்றது. அதிலும் ஊசி, அதிலும் பூ. தேனீக்கள் வந்து மொய்த்துக்கொண்டிருந்தன. வெள்ளாடுகள் தொலைவாகச் சுற்றிக்கொண்டு போயின.

சித்திரைக்கனி வண்டியைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்ன புள்ள, எப்பிடி இருக்கே?"

"நல்லா இருக்கேன்" என்றது கள்ளி. "வந்தது ரொம்பச் சந்தோசம். ஆனா வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பூ மேல சேறு தெறிக்குது."

அவள் சிரித்த சிரிப்பு தேரி முழுக்கக் கேட்டது. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, இறங்காமலேயே நெடுநேரம் கள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவலைகூட, வேலை கிடக்கிறது என்று சொல்லவில்லை.

அன்றைக்குத் தொடங்கினதுதான், இளவேனிலில் தேரிப் பக்கமாக வண்டியில் போகிறவர்கள் கள்ளி பூத்திருக்கும் இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துத் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவது. கள்ளியும் அன்று முதல்தான் இலையில்லாமல், உடம்பெல்லாம் தண்ணீரும் ஊசியும் பட்டுப் பூவுமாக நிற்கிறது. ஆசைப்பட்டு யாராவது கை நீட்டினால் வேண்டாம் என்கிறது. ஒரே ஒரு தடவைதான் சொல்கிறது.